ஆரணியில் காலை ஒன்பது மணிக்கு ஒரு மாநாடு

காலை ஒன்பதேகால். மண்டபத்தில் இருநூறு நாற்காலிகள். அதில் பதினோரு நாற்காலிகளில்தான் ஆள். அந்தப் பதினோரு பேரும் கடைசி வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு நின்றிருந்தேன். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அடையாள அட்டைகள் அதில் நூற்று நாற்பத்திரண்டு இருந்தன. முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து அகர வரிசைப்படி அடுக்கியிருந்தேன். வந்திருந்த பதினோரு பேரில் ஒருவர் பெயர்கூட அந்தக் கூடையில் இல்லை.

சமையல் கட்டிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. அந்த வாசனை மற்ற நாட்களில் எனக்கு மிகவும் பிடிக்கும். அன்றைக்கு, இதையெல்லாம் யார் சாப்பிடப் போகிறார்கள் என்ற கேள்விதான் வந்தது.

என் கணவர் டேவிட் தோளில் துண்டோடு வெளியே வந்தார். சந்தவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அன்று சாப்பாட்டுப் பொறுப்பு அவருடையது.

"எஸ்தரு, மாஸ்டர் கேக்குறாரு. அரிசி போட்டுடலாமா?"

"போடச் சொல்லுங்க."

"நூத்தம்பது பேருக்கா?"

"ஆமா."

அவர் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தார். வாத்தியார் அல்லவா, எண்ணினார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

எதற்கு இந்த வீம்பு

புதிதாக இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. நான் வலைத்தளங்கள் கட்டுகிறவள். ஆரணியில் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் வேலை. பட்டுக் கடை, பள்ளிக்கூடம், அரிசி ஆலை என்று எல்லாருக்கும் கட்டித் தருவேன். எல்லாவற்றையும் ஒரே திறந்த மூல மென்பொருளை வைத்துத்தான் கட்டுவேன். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், பழுது கண்டால் திருத்தி அனுப்பலாம். திருத்தம் ஏற்கப்பட்டால் உலகம் முழுக்க அந்த மென்பொருளில் ஓடும் தளங்களுக்கெல்லாம் அது போய்ச் சேரும்.

அதைச் சுற்றி ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. வருடத்துக்கொரு முறை சென்னையில் கூடுவார்கள். நான் முதல்முறை போனபோது விடியற்காலை பஸ்ஸில், மடியில் மடிக்கணினி, பையில் தயிர்சாதம். உள்ளே நுழைந்தால் முந்நூறு பேர், எல்லாரும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட். நான் ஓரமாக ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரு மணி நேரம் பேசிக்கொள்ளவில்லை. இந்தக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடமே கைப்பேசியில் செய்தி அனுப்பித்தான் பேசுவார்கள். தேநீர் இடைவேளையில் அவருடைய அட்டையைப் பார்த்தேன். இரண்டு வருடமாக இணைய மன்றத்தில் என் அசட்டுக் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதிய அதே பெயர். "சார், நீங்களா!" என்று நான் கத்தியதில் அவர் டீயைக் கொட்டிக்கொண்டார். அன்றிலிருந்து இவர்களெல்லாம் என் சனம் என்றாகிவிட்டது.

அந்தச் சனத்தோடுதான் சண்டையும். "எல்லாம் ஏன் சென்னையிலேயே நடக்கணும்? ஆரணியில வைங்களேன்" என்று ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டேன். தமிழ்நாட்டுக் கூட்டங்களை ஒருங்கிணைக்கிறவர் கேசவன். நல்ல மனிதர், ஆனால் சிரித்துக்கொண்டே ஆளைக் கவிழ்ப்பார்.

"எஸ்தர், ஆரணிக்குப் புடவை எடுக்க வருவாங்க. மாநாட்டுக்கு வருவாங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் நடத்திக் காட்டுறேங்க" என்றேன்.

"சரி, நடத்துங்க. ஆனா ரூல் தெரியும்ல? பத்து புது ஆளு."

எழுந்து நிற்கிற பழக்கம்

அந்த விதியைச் சொல்லியாக வேண்டும். புதிய ஊரில் மாநாடு நடந்தால், அன்று சாயங்காலத்துக்குள் குறைந்தது பத்துப் பேர் தங்கள் வாழ்க்கையின் முதல் பங்களிப்பை அனுப்பி, அது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். நிரல் எழுதித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பழுதைச் சரியாக எடுத்துச் சொன்னாலும், உதவிப் பக்கம் எழுதினாலும், சோதித்துப் பார்த்துச் சொன்னாலும் சேர்த்தி. பத்துப் பேர் தேறினால் அந்த ஊர் வருடாந்தரப் பட்டியலில் சேரும். தேறாவிட்டால் அதோடு சரி.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. கடைசி நிகழ்ச்சியாக, "இன்னிக்கு முதல் தடவை பங்களிச்சவங்க எழுந்து நில்லுங்க" என்று மேடையிலிருந்து சொல்வார்கள். நிற்பவர்கள் ஒவ்வொருவராகப் பெயரையும் ஊரையும் என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். அரங்கமே கைதட்டும். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு.

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அத்தனை வருடங்களில் நான் ஒருமுறைகூட எழுந்து நின்றதில்லை.

ஆரம்பத்தில் ஒருமுறை ஆறு வரித் திருத்தம் ஒன்றை அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு பதில் வந்தது. "தேவையில்லை. விதிமுறைகளைப் படிக்கவும்." அவ்வளவுதான். எழுதியவர் மறந்திருப்பார், எனக்கு முகம் சூடாகிற அளவுக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நான் எதையும் அனுப்பவே இல்லை. பதிலாக உரை நிகழ்த்தினேன், மன்றத்தில் பதில் எழுதினேன், சாப்பாட்டுக் கூப்பன் கொடுத்தேன். எழுந்து நிற்கிற நேரம் வந்தால் ஒயர் சுருட்டுவது, மைக் கொடுப்பது என்று ஏதாவது வேலையில் புகுந்துகொள்வேன். நான் எப்போதோ பங்களித்து முடித்தவள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

சுற்றமும் நட்பும் சூழ

ஆடி மாதம் என்பதால் மண்டபம் சுலபமாகக் கிடைத்தது. பதிவு செய்ய ஒரு தளம் கட்டினேன். பெயரைப் பதிந்தால் மின்னஞ்சல் வரும், அதில் ஒரு பொத்தானைத் தொட்டால் மாநாட்டு நேரம் உங்கள் கைப்பேசி நாட்காட்டியில் தானாக ஏறிவிடும். எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

"நோட்டீஸ் அடிக்கலையா?" என்று கேட்டார் டேவிட்.

"இன்டர்நெட் மாநாட்டுக்கு யாராவது நோட்டீஸ் அடிப்பாங்களா?"

"ஆரணியில நோட்டீஸ் இல்லாம காதுகுத்துகூட நடக்காது."

அவரே பிரஸ்ஸுக்குப் போய்க் கொடுத்துவிட்டார். பிரஸ் மணி எங்கள் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளில் பாதியை அடிக்கிறவர். கை போன போக்கில், "தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மாநாட்டைச் சிறப்பித்துத் தருமாறு அன்புடன் அழைக்கிறோம்" என்று போட்டு, நான்கு மூலையிலும் மயில் வைத்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று. டேவிட் அதைப் பட்டுக் கடைகளிலும், பஸ் ஸ்டாண்டிலும், களம்பூர் அரிசி ஆலை வாசல்களிலும், எங்கள் சர்ச் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிட்டு வந்தார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் மயில் நோட்டீஸைப் பார்த்து வந்தவர்கள். அதில் சொன்னபடியே சுற்றத்தோடு வந்திருந்தார்கள்.

மதியம் இரண்டரை

பத்து மணி ஆகப் போகிறது. பேச்சாளர்கள் ஒருவரும் இல்லை. கேசவனைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"பஸ்லதான். பூந்தமல்லி தாண்டியாச்சு. முப்பது பேர் இருக்கோம், பாட்டெல்லாம் பாடிட்டு ஜாலியா வர்றோம்."

"பூந்தமல்லியா? ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கணுங்க!"

"ஒன்பதா? நாட்காட்டியில ரெண்டரைன்னு இருக்கே. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கு. சின்ன ஊராச்சே, சாப்பிட்டுட்டுத்தான் ஆரம்பிப்பாங்கன்னு நெனச்சோம்."

எனக்குப் புரிந்துவிட்டது.

இந்த மென்பொருளைப் புதிதாக நிறுவினால், அதன் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் ஊர் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நிறுவியதும் முதல் வேலையாக அதை மாற்ற வேண்டும். நான் மாற்றவில்லை. தளத்தில் ஒன்பது என்று போட்டேன், அது உலக நேர ஒன்பது என்று எடுத்துக்கொண்டது. எல்லாருடைய கைப்பேசியும் ஐந்தரையைக் கூட்டி இரண்டரை என்று குறித்துக்கொண்டது. தளத்தின் முகப்பில் கொட்டை எழுத்தில் ஒன்பது என்றுதான் இருந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் வலைத்தளம் கட்டுவதோடு சரி, படிக்க மாட்டார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, அதற்கு முந்தின வருடம் சென்னையில் நான் ஆற்றிய உரையே, நிறுவியவுடன் மாற்ற வேண்டிய அமைப்புகளைப் பற்றியதுதான். முதல் அமைப்பு, ஊர் நேரம். "இதைக்கூட மாத்தாம சில பேர் தளம் நடத்துறாங்க" என்று சொல்லிச் சிரிக்கவும் வைத்தேன்.

"என்னாச்சு எஸ்தர்?" என்றார் கேசவன்.

"செர்வர் பிரச்சினை" என்றேன்.

பொய்தான். எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்கிற பொய். போனை வைத்தபோது வெட்கத்தில் காது மடல் எரிந்தது.

பார்டர் எங்கே போச்சு

கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். கலாவதி அக்கா. கைத்தறிக் குடும்பம். வீட்டில் இரண்டு தறி, அதோடு சொந்தமாக ஒரு வலைத்தளம் வைத்துப் பட்டுப் புடவை விற்கிறவர். மூன்று தெரு தள்ளித்தான் வீடு, ஆனால் அதுவரை நாங்கள் பேசியதில்லை.

"ஏம்மா, எப்ப ஆரம்பிப்பீங்க? தறிய நிறுத்திட்டு வந்துகிறோம். ஜல்தியா ஆரம்பிச்சா நல்லாருக்கும்."

"பேசுறவங்க மதியம்தான் வருவாங்கக்கா."

"அவங்க வரட்டும். நீ இருக்கியே? உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன்." கைப்பேசியை நீட்டினார். "இத பாரு. பெரிய பேஜாரா கீது."

அவருடைய தளம். மயில் கழுத்து நிறத்தில், அரக்கில், மாம்பழ நிறத்தில் வரிசையாகச் சதுரப் படங்கள். நான் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"இன்னா நல்லாருக்கு? பார்டர் எங்க?"

மறுபடி பார்த்தேன். ஒரு புடவையிலும் பார்டர் இல்லை. நீளமாக எடுத்த படத்தின் நடுவிலிருந்து மென்பொருள் தானாகச் சதுரம் வெட்டிக்கொள்கிறது. அடியில் இருந்த ஜரிகை பார்டர் முழுக்க வெட்டில் போய்விட்டிருந்தது.

"பார்டர் தெரியாத பட்ட எவ வாங்குவா? வெறுந்துணின்னு நெனச்சிக்கினு போய்டுவா. ரெண்டு வருசமா தளம் கட்டினவன்கிட்ட கேட்டுகினு இருக்கேன். அது அப்படித்தான் வரும்னுட்டான்."

நான் நூற்றுக்கணக்கான முறை அந்தச் சதுரத்தைப் பார்த்தவள். பட்டுக் கடைகளுக்கே தளம் கட்டியவள். எனக்கு ஒருநாளும் அது உறைக்கவில்லை.

"அக்கா, இத மென்பொருள் செய்யறவங்களுக்கே சொல்லிடலாம்" என்றேன்.

"நீ சொல்லிடு."

"நான் இல்ல, நீங்க. உங்க பேர்ல."

நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போட்டோம். அப்படித்தான் ஆரணி மாநாடு தொடங்கியது.

கலாவதி அக்கா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன். வெட்டும் இடத்தை நாமே தேர்ந்தெடுக்க வழி வேண்டும், மேலா, நடுவா, அடியா என்று. சான்றாக ஆறு புடவைகள். அவருடைய நாத்தனார் நான்கு விதக் கைப்பேசிகளில் படம் எப்படி வெட்டுப்படுகிறது என்று சோதித்து எழுதினார். பிரஸ் மணி வந்திருந்தார். உதவிப் பக்கத்தின் தமிழைப் படித்துவிட்டு, "யாருங்க இத எழுதினது? ஒண்ணுமே புரியலையே" என்று சொல்லி மொத்தத்தையும் திருப்பி எழுதினார். களம்பூர் நெல் வியாபாரி ஒருவர், முகவரிப் படிவம் கதவு எண் இல்லாமல் நகரவே மாட்டேன் என்கிறது, எங்கள் தெருவில் யாருக்கும் கதவு எண்ணே கிடையாது என்றார். அதையும் எழுதி அனுப்பினோம்.

இப்படிப்பட்ட நாட்களில், உலகத்தின் வேறு வேறு மூலைகளில் வருகிற திருத்தங்களைப் பார்த்து ஏற்கிற சில பராமரிப்பாளர்கள் பதில் சொல்லத் தயாராகக் காத்திருப்பார்கள். பன்னிரண்டு மணிக்குக் கலாவதி அக்காவின் கைப்பேசி சிணுங்கியது. "ஏற்றுக்கொண்டோம். இதை ஏன் இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை?" என்று எழுதியிருந்தார்கள். நான் படித்துக் காட்டினேன்.

"நான் ரெண்டு வருசமா சொல்லிகினுதான் இருக்கேன்னு எழுது" என்றார் அக்கா.

மணப்பெண் அறையில் ஒரு மாலை

ஒரு மணிக்குச் சென்னை பஸ் வந்தது. பின்னாலேயே பெங்களூரு ஆட்கள் வேலூர் வழியாக இரண்டு வேனில் வந்தார்கள். மற்ற ஊர்க்காரர்களும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். டேவிட் தம் போட்ட பிரியாணிச் சட்டியைத் திறந்தார். சீரகச் சம்பா, கத்தரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி. சனிக்கிழமை கவிச்சி தொடாதவர்களுக்குத் தனியாகக் காய்கறி பிரியாணி. மடிக்கணினிப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு சாப்பிட்ட பெங்களூருக்காரர் ஒருவர், "இதுக்காகவே வருசா வருசம் வரலாம்" என்றார். மதிய உரைகள் களைகட்டின. மேடையில் கல்யாண ராஜா ராணி நாற்காலியில் உட்கார்ந்துதான் பேச்சாளர்கள் பேசினார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் கணக்கு உதைத்தது. காலையில் வந்த பதினோரு பேரில் இருவர் எதையும் அனுப்பாமலே அவசர வேலையாகக் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் ஒன்பது பேருடையதும் ஏற்கப்பட்டிருந்தது. மதியம் வந்தவர்கள் எல்லாரும் பழைய பெருச்சாளிகள், பல வருடமாகப் பங்களிப்பவர்கள். புதியவர் ஒருவருமில்லை.

ஒன்று குறைந்தது. அந்த ஒன்று எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதுதான் கஷ்டம்.

நாலு மணிக்கு மணப்பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சுற்றிலும் குண்டு பல்பு வைத்த கண்ணாடி. அதற்கு முன்னால் மடிக்கணினியை வைத்தேன். நான் எழுத வேண்டியிருந்தது சின்ன விஷயம். ஒருவர் தளத்தில் முதல் நிகழ்ச்சியைச் சேர்க்கும்போது கடிகாரம் இன்னும் உலக நேரத்திலேயே இருந்தால், "இது உங்கள் ஊர் நேரம்தானா?" என்று மென்பொருளே கேட்க வேண்டும். பதினான்கு வரி. எதனால் இதை எழுதுகிறேன் என்ற காரணத்தையும் சேர்த்து எழுத வேண்டும், அது விதி. என்னால் நூற்று நாற்பது பேருடைய நாட்காட்டியில் மாநாடு ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போய்விட்டது என்று எழுதினேன்.

அனுப்பும் பொத்தானின் மேல் விரல் வெகுநேரம் நின்றது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். பவுடர் கலைந்து, வியர்வையில் பொட்டுப் பொட்டாக இருந்தது. இன்னொரு "தேவையில்லை" வந்தால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது என்று தெரிந்தது. தொட்டுவிட்டேன்.

ஒன்பது

ஐந்தரைக்குக் கேசவன் மைக்கைப் பிடித்தார். "இன்னிக்கு முதல் தடவை பங்களிச்சவங்க எழுந்து நில்லுங்க."

கடைசி வரிசை எழுந்தது. அவர்கள் நிற்பதைப் பார்த்ததும் மண்டபம் ஆரவாரித்தது. இப்படி ஒரு வரிசையை எங்கள் கூட்டம் பார்த்ததே இல்லை. அவர்களைக் கூட்டிப்போக வந்து, கூடவே சும்மா எழுந்து நின்ற சுற்றத்தை உட்காரச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பேரு கலாவதி. ஆரணிதான். பார்டர வெட்டாதீங்கன்னு சொன்னேன். சரின்னுட்டாங்க."

அந்தக் கைதட்டலில் மின்விசிறிச் சத்தமே கேட்கவில்லை. ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள். கேசவன் விரலை மடக்கி எண்ணினார். இரண்டாம் முறை எண்ணினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, நிஜமாகவே வருத்தம்.

"ஒன்பது" என்றார் மெதுவாக. "வேற யாராவது இருக்கீங்களா?"

என் கைப்பேசி அதிர்ந்தது. எந்த நாட்டிலோ இருந்த ஒரு பெண் எழுதியிருந்தாள். "ஏற்றுக்கொண்டேன். போன வருடம் எனக்கும் இதே கதி. நன்றி."

நான் மேடையோரம் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன், வழக்கம்போல. அதைக் கீழே போட்டேன். முதல் வரிசைக்கு முன்னால் வந்து நின்றேன்.

"எஸ்தர், ஏதாவது அறிவிப்பா?" என்றார் கேசவன்.

"இல்லைங்க. நிக்கிறேன்."

"இது புதுசா பங்களிச்சவங்களுக்கு…"

"நானும் புதுசுதான்."

மைக் இல்லாமலே என் குரல் கடைசி வரைக்கும் கேட்டது. "பேரு எஸ்தர். ஆரணி. இத்தனை வருசத்துல இன்னிக்குத்தான் ஒண்ணு அனுப்பினேன். ஊர் நேரத்த மாத்த மறந்தவங்கள எச்சரிக்கிற பதினாலு வரி."

கேசவனுக்கு ஒரு நொடி பிடித்தது. "அப்போ… செர்வர் பிரச்சினைன்னு சொன்னது?"

"பொய்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோய், மண்டபம் அதிர, "பத்து!" என்றார்.

முதலில் கைதட்டியது கடைசி வரிசைதான்.